ஜாய் டிவிஷன் ரசிகனான நான் நியூ ஆர்டரிடம் வந்து சேர்ந்த கதை

மான்செஸ்டரில் படித்தபோது என் சனிக்கிழமைகள் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில்தான் கழிந்தன. அந்த ஊரின் ராக் இசைக்குழுவான ஜாய் டிவிஷன் என்றால் எனக்கு உயிர். 1980 மே மாதம், அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், பாடகர் இயன் கர்டிஸ் 23 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றி, கில்லியன் கில்பர்ட்டையும் சேர்த்துக்கொண்டு, நடன இசைக்குப் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நண்பனைப் பறிகொடுத்துவிட்டு ஆட்டமா?

ஒருநாள் கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அறுபதைத் தாண்டிய மனிதர். பதில் பேசாமல் ஓர் உறையை என் கையில் கொடுத்தார். ஃபிளாப்பி டிஸ்க் போலத் துளைகள் வெட்டிய கறுப்பு உறை. குழுவின் பெயரோ பாடலின் பெயரோ எழுத்தில் இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். அவைதான் எழுத்துகள் என்றார். 1983இல் வந்த நியூ ஆர்டரின் 'புளூ மண்டே'.

ஊசி இறங்கியது. டிரம் எந்திரத்தின் அடி நேராக வந்து, திடீரென்று தடதடவென ஓடி, மறுபடி நேரானது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் குரலே வருகிறது. அந்த மூவரில் ஒருவரான பெர்னார்ட் சம்னர் ஏற்ற இறக்கமின்றி, அழுது முடித்தவர் பேசுவதுபோலப் பாடுகிறார். இடையில் பீட்டர் ஹூக்கின் பாஸ் கிட்டார் உச்சத்தில் மெட்டு வாசிக்கிறது. ஜாய் டிவிஷனில் நான் நேசித்த அதே வாசிப்பு! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பாட்டில் எந்திர மெட்டை வாசிப்பது, பதிந்த ஸ்வரங்களை வரிசையாகத் தானே ஒலிக்கவைக்கும் சீக்வென்சர் என்ற கருவி. சம்னர் உதிரிப் பாகங்களை வாங்கித் தானே பூட்டியது அது. ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்த கில்லியன் ஒன்றை விட்டுவிட்டதால் மெட்டு தாளத்திலிருந்து சற்று விலகி நிற்கிறது. தெரிந்தபின் கேட்டால் அந்த விலகல்தான் முதலில் காதில் விழும். எந்திரத்துக்குள் மனிதக் கை இருக்கிறது என்று எனக்குப் புரிந்த இடம் அதுதான்.

அப்புறம் 1981இல் வந்த 'மூவ்மென்ட்' தொகுப்பைக் கேட்டேன். கர்டிஸ் இல்லாத அறையில் கர்டிஸைப் போலவே பாடப் பார்க்கிறார்கள், கேட்கவே வலிக்கிறது. அங்கேயே நின்றிருந்தால் அவர்கள் மூச்சு முட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பிறகு அவர்கள் போய்வந்த நியூயார்க் நடனக் கூடங்கள் அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தன.

அன்று மாலை விட்வொர்த் மேற்குத் தெருவுக்குப் போனேன். 1982இல் நியூ ஆர்டரும் பணம் போட்டுத் திறந்த ஹசியெண்டா நடனக் கூடம் இருந்த இடத்தில் இப்போது அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள். கையில் இசைத்தட்டு. துளையிட்ட உறைக்குப் பணம் போதவில்லை. துளையில்லாத பிந்தைய பதிப்பைத்தான் வாங்கியிருந்தேன்.