எலோ புள்ளியா, தரவரிசைப் புள்ளியா: எது நியாயம்?

வெள்ளைக்குதிரை:
2022 விம்பிள்டனை வென்ற கையோடு ஜோகோவிச் டென்னிஸ் தரவரிசையில் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்குப் போட்டி நடத்துவோர் தடை விதித்ததால் அந்தப் போட்டிக்குப் புள்ளி கிடையாது என்று டென்னிஸ் சங்கங்கள் அறிவித்துவிட்டன. முந்தைய ஆண்டு அங்கே ஈட்டிய 2000 புள்ளிகளும் கழிந்தன. வென்றவரைக் கீழே இறக்குவதற்குத் தரவரிசை என்று பெயரா? சதுரங்கத்தின் எலோ முறையில் எவ்வளவு தரப்புள்ளி உள்ளவரை வென்றீர்கள் என்பதே கணக்கு. போட்டியின் பெருமைக்கு அங்கே மதிப்பில்லை.

பேஸ்லைன்:
அது நிர்வாகத்தின் முடிவு, முறையின் குற்றமன்று. டென்னிஸில் ஈட்டிய புள்ளியை 52 வாரங்களில் மீண்டும் ஈட்டியாக வேண்டும். சதுரங்கத்தில் ஆடாமலே காப்பாற்றிக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் வெளியே வர இயலாதிருந்த சீன வீரர் டிங் லிரன், உலகச் சாம்பியனுக்குச் சவால்விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2022 கேண்டிடேட்ஸ் போட்டியில் உயர்ந்த தரப்புள்ளிக்கென ஒதுக்கிய இடத்தைப் பெறத் தேவையான 30 ஆட்டங்களை எட்டுவதற்காக, சீனாவிலேயே அவசரமாக நடத்தப்பட்ட போட்டிகளில் ஏறத்தாழ ஒரே மாதத்தில் 28 ஆட்டங்கள் ஆடியதை மறந்துவிட்டீர்களா?

வெள்ளைக்குதிரை:
மறக்கவில்லை. அப்படி நுழைந்தவர்தான் அதில் இரண்டாம் இடம் பிடித்து, அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சன் பட்டத்தைக் காக்காமல் விலகிக்கொண்டதால் 2023-ல் உலகச் சாம்பியனும் ஆனார். அவருடைய தரப்புள்ளி பொய் சொல்லவில்லையே.

கடைசிமேசை:
எலோவைப் புகழ்பவர்கள் சதுரங்க ஓபன் போட்டிகளில் நாங்கள் அமரும் பக்கமும் ஒருமுறை வர வேண்டும். என் தரப்புள்ளி 1900. எதிரே, நாற்காலியில் அமர்ந்தால் கால் தரையில் எட்டாத பத்து வயதுச் சிறுவன், அவனுக்கு 1500. வென்றால் எனக்கு 1.6 கூடும், டிரா செய்தால் 8.4 குறையும், தோற்றால் 18.4 போய்விடும். அந்த 1500 அவனுடைய பழைய ஆட்டத்தின் அளவு. அதற்குப் பிறகு அவன் கற்றதெல்லாம் என் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

பேஸ்லைன்:
இதைத்தான் சொல்கிறேன். 2024 கேண்டிடேட்ஸுக்குக் குகேஷ் நுழைந்தது தரப்புள்ளியால் அன்று. ஆண்டு முழுவதும் போட்டிகளில் புள்ளி சேர்க்கும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் சர்க்யூட் வழியாக. தரப்புள்ளி இடத்தைக் குறிவைத்த பிரெஞ்சு வீரர் ஃபிரூஜாவோ, 2023 டிசம்பரில் தம்மைவிட மிகக் குறைந்த புள்ளியுடையவர்களோடு ஆடித்தான் அதைப் பிடித்தார்.

வெள்ளைக்குதிரை:
குகேஷுக்குக் கைகொடுத்த சென்னைப் போட்டியும் அதே டிசம்பரில் அவசரமாக ஏற்பாடானதுதான், நண்பரே. கடைசிமேசை சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் அதற்காகவே ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் மாற்றக் காரணியைச் சிறுவர்களுக்கு 40, உங்களுக்கு 20 என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் தோற்றால் அவனுக்கு 36.8 கூடும், விரைவில் உரிய இடத்துக்கு ஏறிவிடுவான்.

கடைசிமேசை:
கூடிவிட்டது, ஐயா. சென்ற மாதப் பட்டியலிலேயே கூடிவிட்டது.