மலாயாவில் பலித்த முள்வேலி வியட்நாமில் ஏன் பலிக்கவில்லை?

வரலாற்று வாசகன்:
மலாயா அவசரகாலத்தையும் (1948–60, பிரிட்டிஷார் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த காலம்) தென் வியட்நாமையும் சேர்த்துப் படிக்கிறேன். மலாயாவில் பிரிக்ஸ் திட்டம், புதுக்கிராமங்கள். வியட்நாமில் 1962-இல் தொடங்கிய வேலிக் கிராமத் திட்டம். சிதறிக் கிடந்த குடிகளைப் பெயர்த்து வேலிக்குள் வைத்து, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குச் சோறு போகாமல் தடுப்பதுதான் இரண்டிலும் திட்டம். மலாயாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் தாம்சனே சைகோனிலும் ஆலோசகர். ஒன்று பலித்தது, மற்றது இரண்டே வருஷத்தில் கலைந்தது. ஏன்? அரிசிக் கட்டுப்பாடு நடைமுறையில் எப்படி இருந்தது? "மக்கள் மனதை வென்றார்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம்.

பால்மரம்:
அரிசியிலிருந்தே தொடங்குகிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பச்சரிசியோ புழுங்கலரிசியோ, மூட்டையாகக் காட்டுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். வடித்த சோறு அந்தப் புழுக்கத்தில் மறுநாளே ஊசிப்போகும். அதனால் கெடுபிடி அதிகமான பகுதிகளில் வீடுகளில் அரிசி வைக்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் வடித்து, சோறாகத்தான் கொடுத்தார்கள். டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அங்கேயே டப்பாவில் ஓட்டை போட்டுத்தான் தரவேண்டும். அன்றைக்கே தின்றால் உண்டு, சேர்த்து வைக்க முடியாது.

காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள். சைக்கிள் குழாய்க்குள்ளும் இரட்டை அடி வைத்த வாளியிலும் அரிசி போனது. பெண்களின் உடைக்குள்ளும் போனது என்பதால் அவர்களையும் சோதித்தார்கள். அது எல்லை மீறி, 1956-இல் செமினியில் பெண்களைச் சோதித்த விதம் பற்றி அரசு விசாரணையே நடத்த வேண்டி வந்தது. வேலிக்குள் இருந்தவர்கள் இதையெல்லாம் மனமுவந்து ஏற்றார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

அரிசி நின்றதும் கொரில்லாக்கள் காட்டைத் திருத்தி மரவள்ளி போட்டார்கள். பயிர் வரிசையாக இருந்தால் மேலிருந்து பார்க்கிற விமானத்துக்கு அதுவே அடையாளம். அரசுத் தரப்பு மருந்து தெளித்து அழித்தது. பசி தாங்காமல் ஊரோரம் அரிசி தேடி வந்தவர்களைப் பிடிக்கப் படையினர் வழியில் பதுங்கியிருந்தார்கள்.

லயக்கணக்கு:
மேலே சொன்னது சரி. ஆனால் யாரைப் பெயர்த்தார்கள் என்பதையும் பார்க்கணும். ஜப்பான்காரன் காலத்தில் வேலையும் சோறும் இல்லாமல் காட்டோரம் போய்க் குடிசை போட்ட சீனர்கள் அவர்கள். நிலத்துக்குப் பட்டா கிடையாது. பலருக்கு வருமானம் ரப்பர் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் வாங்கும் கூலி. இடம் மாறினாலும் கூலி வேலை பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சுமார் 5 லட்சம் பேர், 450-க்கு மேற்பட்ட புதுக்கிராமங்கள்.

தோட்டத் தமிழர் கதை வேறு. லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன. தூரத்து லயங்களைக் கிட்ட கொண்டுவந்து வேலி போட்டால் வேலை முடிந்தது. தமிழர்கள் ஒதுங்கி நின்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சம்மேளனம் அதற்கு முந்தைய வருஷமே தடை செய்யப்பட்டுவிட்டது. வேலி வருவதற்கு முன்பே சங்கத்தை உடைத்தாகிவிட்டது என்பதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்றால், 1950-இல் கொரியப் போர் வெடித்து ரப்பர், ஈயம் விலை எகிறியது. அது இல்லாமல் இவ்வளவு வேலியும் போலீஸ் சாவடியும் கட்டியிருக்க முடியாது.

மீகாங் கரை:
வியட்நாம் பக்கம் நான் சொல்கிறேன்.

மீகாங் ஆற்று டெல்டா விவசாயி வாய்க்கால் கரையோரம், தன் வயலுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன். முன்னோர் சமாதியும் அங்கேயே. அவனைப் பெயர்த்தால் வயலும் போச்சு, குலமரபும் போச்சு. மலாயாவில் பட்டா இல்லாதவனுக்கு ஒரு மனையாவது கிடைத்தது. இங்கே இருந்ததைப் பிடுங்கினார்கள்.

அடுத்தது வேகம். பத்திரமான பகுதியில் தொடங்கி, எண்ணெய் பரவுகிற மாதிரி மெல்ல நகரச் சொன்னார் தாம்சன். அதிபரின் தம்பி ங்கோ தின் ந்யூ நாடு முழுக்க ஒரேயடியாக இழுத்தார். 1962 செப்டம்பர் கடைசியில் 3,225 கிராமங்கள் முடிந்ததாக அரசாங்கக் கணக்கு. மலாயாவில் மொத்தமே ஐந்நூறைத் தொடவில்லை! பல இடங்களில் வேலி மட்டும் இருந்தது. காவலுக்கு ஆளில்லை, கூப்பிட்டால் வரப் படையில்லை. 1962 மார்ச்சில் பென் காட் பகுதியில் நடந்த முதல் பெரிய நடவடிக்கையில் விரும்பி வந்தவை 70 குடும்பங்கள்தான். மற்றவர்களைத் துப்பாக்கி முனையில் கொண்டுவந்து பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். வந்தவர்களில் ஆயுதம் ஏந்தும் வயது ஆண்கள் சொற்பம். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

அங்கே கொரில்லா அதே ஊர்க்காரன், அதே குடும்பத்துப் பிள்ளை. வேலி போட்டால் அவனும் உள்ளேதான் இருப்பான். இன்னொரு கூத்து: திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான கர்னல் ஃபாம் ங்கோக் தாவ், வடக்கின் உளவாளி.

வரலாற்று வாசகன்:
நன்றி. அப்படியானால் பிரிட்டிஷ் உயர் ஆணையராக டெம்ப்ளர் வந்துதான் மலாயாவில் நிலைமை மாறியது என்பது?

பால்மரம்:
பாதிதான் உண்மை. அவர் வந்தது 1952 பிப்ரவரியில். 1951 முடிவதற்குள் ஏறக்குறைய 4 லட்சம் பேரைக் குடியமர்த்தியாகிவிட்டது. பொதுமக்களைப் பாதிக்கும் தாக்குதல்களைக் குறைக்கச் சொல்லி கம்யூனிஸ்ட் கட்சியே 1951 அக்டோபரில் உத்தரவு போட்டுவிட்டது. அவர் காலத்தின் கடுமைக்குத் தஞ்சோங் மாலிம் ஒன்று போதும்: 1952 மார்ச்சில் குழாய் பழுது பார்க்கப் போன குழுவில் 12 பேர் கொல்லப்பட்டதும், ஊருக்கே 22 மணிநேர ஊரடங்கு, அரிசிப் பங்கீடும் குறைப்பு. வீடுவீடாகக் கேள்வித்தாள் கொடுத்து, கொரில்லாக்களைப் பற்றித் தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லி, பூட்டிய பெட்டியில் வாங்கி, ஊர்ப் பிரதிநிதிகள் கண்ணெதிரிலேயே திறந்தார்.

ஆனால் வெள்ளைப் பகுதி ஏற்பாடு அவர் காலத்தில் வந்ததுதான். 1953 செப்டம்பரில் மலாக்காவில் ஒரு பகுதியை அப்படி அறிவித்து ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒத்துழைத்தால் வேலி ஒருநாள் திறக்கும் என்று பக்கத்து ஊர்க்காரன் கண்ணால் பார்த்தான். ந்யூவின் கிராமங்களில் அந்தக் கதவே வைக்கப்படவில்லை.