வாசிப்பில் தேறுபவர்கள் கேட்டலில் தவறுவது ஏன்? சாங்ஷா வகுப்பு ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (சாங்ஷா ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில், மேல்நிலைப் பள்ளி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பருவத் தொடக்கத்தில் அவர்களுடைய நிலையை அறிந்துகொள்வதற்காக, காவோகாவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் அமைப்பையே பின்பற்றி ஒரு தேர்வு வைத்தேன். அந்தத் தேர்வை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: ஆங்கிலத்துக்கு மொத்தம் 150 மதிப்பெண், 120 நிமிடம், இங்கு நடைமுறையில் உள்ள தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40 என்று பிரித்திருக்கிறார்கள். நான் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பெரும்பாலோர் வாசிப்பில் 35ஐத் தாண்டினார்கள். கேட்டலில் அதே மாணவர்கள் 12க்கும் 15க்கும் இடையில் நின்றுவிட்டார்கள். தேர்வு முடிந்த பிறகு ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை வகுப்பில் கொடுத்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி அதை இரண்டே நிமிடத்தில் படித்துவிட்டு, "இதைத்தானா ஒலிபரப்பினீர்கள்?" என்று நம்ப முடியாமல் கேட்டாள். தாளில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

என் துறைத் தலைவர், இன்னும் அதிக ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு அதற்கு முன்பே ஓர் ஐயம் இருக்கிறது. நான் அளந்தது உண்மையிலேயே கேட்டல் திறனைத்தானா, அல்லது என் தேர்வே ஏதோ ஒன்றை மறைக்கிறதா? இரண்டு திறன்களையும் ஒப்பிடக்கூடிய வகையில் சோதிப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (வினாத்தாள் தயாரிப்பில் இருந்தவர்)

வணக்கம் ஐயா. முதலில் உங்கள் எண்களையே சற்று உற்றுப் பாருங்கள். கேட்டலில் 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 மதிப்பெண், மூன்று தெரிவுகள். காதைப் பொத்திக்கொண்டு குறிக்கும் மாணவருக்கும் சராசரியாக 10 மதிப்பெண் கிடைத்துவிடும். வாசிப்பில் 15 வினாக்களுக்கு நான்கு தெரிவுகள். எஞ்சிய 5 இடங்களை ஏழு வாக்கியங்களிலிருந்து தேர்ந்தெடுத்து நிரப்ப வேண்டும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் 50க்கு ஏறத்தாழ 11 தான் வரும். ஆகவே உங்கள் மாணவர் கேட்டலில் வாங்கிய 13 என்பது தற்செயலுக்கு மேல் வெறும் 3 மதிப்பெண். வாசிப்பில் வாங்கிய 35 என்பது தற்செயலுக்கு மேல் 24. இடைவெளி நீங்கள் நினைத்ததைவிடப் பெரியது.

இரண்டாவதாக, கேட்டல் தேர்வு முழுவதும் காதால் நடப்பதன்று. முதல் ஐந்து உரையாடல்களும் ஒரே ஒரு முறை ஒலிக்கும். ஒவ்வொன்றும் முடிந்தபின் தரப்படும் 10 விநாடிக்குள் விடையையும் குறித்து அடுத்த வினாவையும் படித்துவிட வேண்டும். பிந்தைய நீண்ட பகுதிகள் இரு முறை ஒலிக்கின்றன. ஒவ்வொரு வினாவையும் முன்கூட்டியே படிக்க 5 விநாடி கிடைக்கும். இந்த விநாடிகளில் மூன்று ஆங்கிலத் தெரிவுகளைக் கண்ணால் மேய்ந்து முடிக்காத மாணவர், ஒலியை நன்றாகக் கேட்டிருந்தாலும் தவறவிடுவார். தாளின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் வரும் மாதிரி வினா, சீன மாணவர்களிடையே நகைச்சுவையாகவே ஆகிவிட்ட அந்தச் சட்டை விலை, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: 19.15 பவுண்டா, 9.18 பவுண்டா, 9.15 பவுண்டா? "நைன்" என்பதையும் "நைன்டீன்" என்பதையும், "ஃபிஃப்டீன்" என்பதையும் "எய்ட்டீன்" என்பதையும் பிரித்தறிகிறார்களா என்பதே அதன் நோக்கம். தெரிவுகள் எண்களாக இருப்பதால் அங்கே வாசிப்புச் சுமை கிடையாது. மற்ற வினாக்களில் அந்த வசதி இல்லை.

நான் பரிந்துரைப்பது இதுதான். ஒரே அளவு கடினமுள்ள நான்கு பகுதிகளை, அதாவது நான்கு ஆங்கில உரைகளை, எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முதல் இரண்டைக் கேட்கவும் மற்ற இரண்டை வாசிக்கவும், மறு பாதி அதற்கு நேர்மாறாகவும் செய்யட்டும். வினாக்கள் இரு தரப்புக்கும் ஒன்றே. அவற்றைச் சீன மொழியில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன், இன்னொரு வகுப்புக்குப் பகுதிகளைக் கொடுக்காமல் வினாக்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள். பகுதியைப் பார்க்காமலேயே பலர் சரியாக விடையளிக்கும் வினா, எந்தத் திறனையும் அளக்காத வினா, அதை நீக்கிவிடலாம்.

பதில் 2 (வுஹானில் சில ஆண்டுகள் கற்பித்தவர்)

மேலே நண்பர் தேர்வின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் காதின் பக்கத்தைச் சொல்கிறேன்.

மாண்டரின் மொழியில் ஓர் அசை பெரும்பாலும் உயிரொலியில் முடியும், அல்லது "ன்", "ங்" போன்ற மூக்கொலிகளில் முடியும். ஆங்கிலச் சொல்லின் இறுதியில் அடுத்தடுத்து வந்து நிற்கும் மெய்யொலிகள் அந்தக் காதுக்குப் பழக்கமில்லாதவை. "வாக்ட்" (walked) என்று ஒலிப்பவர் சொன்னாலும் மாணவர் "வாக்" (walk) என்றே கேட்கிறார். நேற்று நடந்ததா, நாள்தோறும் நடப்பதா என்ற வேறுபாடு அந்த ஒரு மெய்யோடு போய்விடுகிறது. தாளில் அது எழுத்தாக நிற்பதால் வாசிப்பில் அவருக்குச் சிக்கலே எழுவதில்லை. ஹூனான், ஹூபேய் பகுதிகளில் இன்னொன்றும் உண்டு: வட்டார வழக்கில் "ன", "ல" இரண்டும் கலந்துவிடுவதால் "நைட்", "லைட்" ஆகிய இரண்டும் பலருக்கு ஒன்றாகவே கேட்கும். நமக்கு இது புரியாத செய்தியன்று. "ப" என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிகளைக் கையாளும் நம் பிள்ளைகளும் ஆங்கிலச் சொல்லெழுத்தில் இப்படித்தான் தடுமாறுகிறார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் சொற்களைக் கற்கும் முறை. பாடத்திட்டம் கட்டாயப் பகுதிக்குள் சுமார் 2,000 சொற்களையும், அடுத்த கட்டத்தில் 3,000க்குச் சற்று மேற்பட்ட சொற்களையும் எதிர்பார்க்கிறது. மாணவர்கள் அவற்றை இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் சீனம் என்று அச்சிட்ட பட்டியலிலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். சொல்லைக் கண் அறிகிறது, காது அறிவதில்லை. சீனர்களே இதை "ஊமை ஆங்கிலம்" என்று நெடுங்காலமாகக் கேலி செய்து வருகிறார்கள். அதனோடு "செவிடு" என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் முன்வரிசை மாணவியின் வியப்புக்கு இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன்.

எனவே பெரிய தேர்வுக்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த 40 சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பொருளைச் சீனத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து அதே சொற்களை அச்சில் கொடுங்கள். பிறகு அவற்றையே முழு வாக்கியத்துக்குள் வைத்து இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். தனிச் சொல்லிலேயே தவறுகிறாரா, தொடர்பேச்சில் மட்டும் தவறுகிறாரா என்பது தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: ஒலிப்பதிவை எதில் போட்டீர்கள்? கூரையில் தொங்கும் பள்ளி ஒலிபெருக்கியென்றால், கடைசி வரிசை மாணவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். உண்மையான தேர்வன்று, அதாவது ஜூன் 8 பிற்பகல் 3 மணித் தேர்வுக்கு, கேட்டல் பகுதியை முன்னிட்டு 2:45க்குப் பிறகு எவரையும் உள்ளே விடுவதில்லை. மையத்தைச் சுற்றிலும் கட்டட வேலையை நிறுத்திவைப்பார்கள், ஒலிப்பான் அடிக்க விடமாட்டார்கள். உங்கள் வகுப்பறைக்கு வெளியே கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கும்.

பதில் 3 (மொழித் தேர்வியல் ஆய்வு மாணவி)

வினாக்களைச் சீனத்தில் கொடுப்பது பற்றி எனக்கு ஓரளவே உடன்பாடு. குறைபாட்டைக் கண்டறியும் சோதனைக்கு அது பொருந்தும். ஆனால் தாய்மொழியில் வரும் தெரிவு, ஒலிக்கப்போகும் செய்தியை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவதால் கேட்க வேண்டிய வேலை குறைந்துபோகும். அதற்குப் பதில், தெரிவுகளே இல்லாமல், கேட்டதைச் சீனத்தில் நான்கைந்து வாக்கியமாகத் திரும்ப எழுதச் சொல்லலாம். மதிப்பிடும்போது சீன ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயன் உண்டு. குவாங்டோங் மாகாணம் 2011 முதல் கணினி வழியாகக் கேட்டலையும் பேச்சையும் ஒன்றாகச் சோதித்து வருகிறது. அங்கே கேட்ட கதையை மாணவர் ஆங்கிலத்திலேயே திரும்பச் சொல்ல வேண்டும். அது நல்ல தேர்வு. மாணவர்களைப் பேசப் பழக்கவும் செய்கிறது. ஆனால் அதில் ஒருவர் தவறினால், கேட்கவில்லையா, கேட்டதைச் சொல்ல வரவில்லையா என்று உங்களால் பிரிக்க முடியாது. உங்கள் தேவைக்கு அது உதவாது.

பதில் 1இல் உள்ள தற்செயல் கணக்கை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மாணவர்களின் மதிப்பெண்ணைத் திருத்திவிடாதீர்கள். செஜியாங் மாகாணத்தில் 2018 நவம்பர் ஆங்கிலத் தேர்வு எதிர்பார்த்ததைவிடக் கடினமாகிவிட்டது என்று, சில வினாக்களுக்கு மட்டும் மதிப்பெண்ணைக் கூட்டி வெளியிட்டார்கள். நன்றாக எழுதியவர்கள் கொதித்தெழுந்தார்கள். மாகாண அரசு விசாரணை நடத்தி டிசம்பரில் பழைய மதிப்பெண்ணுக்கே திரும்பியது. மதிப்பெண் என்பது அங்கே எவ்வளவு நெருப்பான விஷயம் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. சொல் சோதனையை நேற்று ஒரு வகுப்பில் நடத்தினேன். தனிச் சொற்களில் எதிர்பார்த்ததைவிடத் தவறு குறைவு. ஆனால் "நைட்" என்று நான் சொன்னதற்குப் பலர் விளக்கைக் குறிக்கும் சீன எழுத்தை எழுதியிருந்தார்கள். அந்த முன்வரிசை மாணவி அதைச் சரியாக எழுதினாள். ஆனால் வாக்கியத்துக்குள் வந்தபோது, "லாஸ்ட் நைட்" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாகக் கேட்டு, அருகில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

ஒலிபெருக்கி பற்றிய ஐயமும் சரிதான். கடைசி இரண்டு வரிசைகளின் மதிப்பெண் தனியாகவே தாழ்ந்து கிடக்கிறது. வரும் வியாழக்கிழமை வகுப்பை இரண்டாகப் பிரித்து அதே நான்கு பகுதிகளைக் கொடுக்கப் போகிறேன், பின்வரிசையை முன்னால் அமர்த்திவிட்டு. வினாக்கள் சீனத்தில் வேண்டாம், புரிந்துகொண்டதைச் சீனத்தில் திரும்ப எழுதட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். சீன ஆசிரியை ஒருவர் தாள்களைத் திருத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவை இங்கேயே எழுதுகிறேன்.