மறு: ‘ஃப்யூயல் பாலிஷிங்’ – மெருகூட்டலா, தேற்றலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் படகுச் சொற்பட்டியலில், தொட்டியிலுள்ள டீசலைச் சுற்றவிட்டுத் தூய்மையாக்கும் ‘ஃப்யூயல் பாலிஷிங்’ (fuel polishing) என்பதற்குத் தமிழாக வந்த ‘எரிபொருள் மெருகூட்டல்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதும் மரச்சாமானுக்கு வார்னிஷ் பூசுவதும் மெருகூட்டல். இரண்டும் புறப்பரப்பில் நிகழ்பவை. பாய்மரப் படகின் டீசலுக்குச் செய்வது அதுவன்று. தொட்டியின் அடியிலிருந்து பம்பு டீசலை உறிஞ்சி, நீர்பிரிப்பானோடு கூடிய வடிகட்டியின் வழியே செலுத்தி, மீண்டும் அதே தொட்டிக்குள் விடுகிறது. இச்சுற்று பல மணி நேரம் தொடர்கிறது. எஞ்சினுக்குப் போகும் வழியில் ஒருமுறை வடிகட்டுவதினின்று இது வேறானது என்பதால், ‘வடிகட்டல்’ என்று மட்டும் சொல்வதும் போதாது.

தென் இங்கிலாந்தின் சோலண்ட் கரையில், குளிர்காலம் முழுதும் கட்டிக்கிடந்த நண்பரின் படகில் இதை அருகிருந்து பார்த்தேன். வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் கீழே நீர், மேலே டீசல், இரண்டும் சந்திக்கும் கோட்டில் பாலாடை போன்ற பழுப்புப் படலம். அரைத் தொட்டி டீசலோடு மாதக்கணக்கில் நிற்கும் படகில், டீசலுக்கு மேலே காலியாக உள்ள இடத்துக் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தொட்டிச் சுவரில் வியர்த்து, டீசலைவிடக் கனமான நீராக அடியில் தங்குகிறது. டீசலுக்கான ஐரோப்பியத் தரநிர்ணயமான இஎன் 590, தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் உயிரிடீசலை 7 விழுக்காடு வரை கலக்க இடமளிக்கிறது. அக்கலப்பு ஈரத்தை மேலும் ஈர்க்கிறது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்னும் பூஞ்சையும் சில பாக்டீரியாக்களும் அந்நீரில் வாழ்ந்து டீசலை உண்கின்றன. படகோட்டிகள் பலர் இதைப் ‘பாசி’ என்கின்றனர்; வெளிச்சமே புகாத தொட்டியில் பாசி வளராது என்பதால் நம் பட்டியலில் அச்சொல் நுழையக் கூடாது. ‘டீசல் நுண்ணுயிர்’ என்பதே சரி.

இனி என் பரிந்துரை. கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்தவர்கள் நாம். தேறு என்றால் தெளி. தேற்று என்றால் தெளியச் செய். தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்றே பெயர். ஆகவே ‘டீசல் தேற்றல்’ என்கிறேன். இன்று தேற்றுதல் என்றவுடன் ஆறுதல் சொல்வதுதான் நினைவுக்கு வரும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன்; ஆயினும் டீசல் என்ற முன்னொட்டு இருக்கையில் எவரும் மயங்கமாட்டார். இதைவிட வலிய தடை ஒன்று உண்டு: தேற்றாங்கொட்டை அழுக்கை அடியில் படியவைக்கிறதேயன்றி வெளியேற்றுவதில்லை. அந்தக் குறையை நீக்கவே ‘சுற்றுத்தேற்றல்’ என்று நீட்ட விரும்புகிறேன். சுற்றிவருவதும் தெளிவதும் ஒரே சொல்லில் அடங்கும்.

ஆனால் சுற்றுத்தேற்றல் டீசலைத்தான் தெளிவிக்கும். சுவரில் ஒட்டிய வழுவழுப்பையும் தொட்டிக்குள் டீசல் அலம்பாமல் இருக்க வைத்த தடுப்புத் தகடுகளுக்குப் பின்னே இறுகிய மண்டியையும் அது முழுமையாக அகற்றாது. துறைமுக வாயிலில் அலை படகை உருட்டும்போது அந்த மண்டிதான் கிளம்பி வடிகட்டியை அடைக்கிறது. பாயை இறக்கிவிட்ட அந்த வேளையில் எஞ்சினும் நின்றால் படகு பாறைச்சுவரை நோக்கி ஒதுங்கும். உயிர்க்கொல்லி மருந்து ஊற்றினாலும் செத்தவை மண்டியாகவே கிடக்கும். நண்பரின் தொட்டியில் மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, கந்தைத் துணியால் துடைத்தெடுத்தது கருஞ்சேறு. இதற்குத் தனிச்சொல் வேண்டும். கிணற்றுக்கும் ஏரிக்கும் நாம் செய்யும் தூர்வாரலைத் தொட்டிக்கும் ஆளலாம்.

இரண்டையும் பயன்பாட்டில் வைத்துப் பார்க்கிறேன்: “தொட்டியைத் தூர்வாரிய பின்னரே சுற்றுத்தேற்றலைத் தொடங்குக, கிண்ணத்தில் நீர் இறங்குவது நிற்கும் வரை பம்பை நிறுத்தற்க.” கையேட்டில் இவ்வரி இடறுமா என்று படகில் வேலை செய்த உறுப்பினர்கள் படித்துச் சொல்ல வேண்டுகிறேன்.