சிங்கர் தையல் இயந்திரத்தில் வெண்படலம்: தங்கப் பூவேலையைக் காப்பாற்ற வழி?

மதுரை புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, ஒரு தையற்காரர் தம் தாத்தாவின் கால்மிதி இயந்திரத்தை எங்கள் பள்ளிக் காட்சி அறைக்குக் கொடுத்தார். இயந்திரத்தின் வரிசை எண் ‘ஒய்’ (Y) எழுத்தில் தொடங்குகிறது. அதாவது ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் 1922க்கும் 1935க்கும் இடையே செய்தது. இன்றும் தைக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் அழுக்குப் போக ஸ்பிரிட்டில் துடைத்தேன். தவறு என்னுடையதுதான். இயந்திரத்தின் மேலுள்ள தங்கநிறப் பூ அலங்காரத்தை, அதாவது பூவேலையை, காக்கும் மேல்பூச்சு அரக்கு, அது ஸ்பிரிட்டில் கரையும் என்பது பிறகுதான் தெரிந்தது. கைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து, பிசுபிசுக்கிறது. இரண்டு இடங்களில் தங்க நிறம் வெள்ளியாகிவிட்டது.

தையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நான்கு நாள் தடவினேன். பளபளப்பு வருகிறது, காய்ந்ததும் மறுபடி வெண்மை. கார் பாலிஷ் போடச் சொன்னார்கள், தேய்த்தால் மிச்சத் தங்கமும் போய்விடும் என்று தொடவில்லை. புதுப் பெயின்ட் யோசனையே வேண்டாம். அந்தத் தேய்மானத்துக்காகத்தான் அதை வைத்திருக்கிறோம்.

மிஞ்சியிருக்கும் பூவேலை கலையாமல், இந்த வெண்படலத்தை மட்டும் நீக்குவது எப்படி?