கடல்பாசி எடுக்கப் போகும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருவதில்லை, என்ன செய்யலாம்?

கடலோர அங்கன்வாடி:
மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் ஊர். கர்ப்பம் தெரிந்ததும் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுகிறார்கள். நாலாம் மாதத்துக்குப் பிறகு ஆளைக் காணோம். சத்து மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. கூட்டம் போட்டால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எதை மாற்றினால் பலன் கிடைக்கும்?

செவிலியர், திருப்புல்லாணி:
முதலில் நாளை மாற்றுங்கள் அக்கா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நாட்கள்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். அன்றைக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? அட்டமி, நவமி பக்கம் வையுங்கள். மாதாமாதம் 9-ம் தேதி நடக்கும் சிறப்புப் பரிசோதனை பாசி நாளில் விழுந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே வேறு நாள் பேசி வையுங்கள். மாமியாரையும் கூப்பிடுங்கள், பல வீடுகளில் முடிவு அவர் கையில்.

மாத்திரை விஷயம் தனி. ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், குமட்டும், மலச்சிக்கல் வரும். உடம்பில் சேராத இரும்புதான் கறுப்பாக வெளியேறுகிறது, பயமில்லை என்று கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'ஒத்துக்கல' என்று சில நாளிலேயே நிறுத்திவிடுவார்கள். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடட்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நல்லது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது.

'போட்டியா?' என்று கேட்காதீர்கள், காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

தொண்டி வாசகர்:
வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதுதான் பலர் விட்டுப்போகிறார்கள். இந்த ஊர் செவிலியர் 'போய்விட்டாள்' என்று விட்டுவிடுவார், அந்த ஊர்க்காரருக்கு அவள் வந்ததே தெரியாது. இரத்த அழுத்தம் ஏறுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், இரத்த வகைச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு அனுப்புங்கள். பிக்மி எண்ணைச் சொல்லி அந்த ஊர் செவிலியருக்குப் போன் செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்தான் கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையில் பணம் தவணையாகத்தான் வரும். பரிசோதனைப் பதிவு விடுபட்டால் தவணை நிற்கும். வங்கிக் கணக்கு அவள் பெயரில், ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

கடலோர அங்கன்வாடி:
ராத்திரி வலி வந்தால்? ஆம்பளைங்க கடலில் இருப்பாங்களே.

செவிலியர், திருப்புல்லாணி:
எட்டாம் மாதமே பேசி முடிவு செய்யுங்கள்: 108-க்கு யார் போன் செய்வது, மணல் பாதையில் வண்டி எதுவரை வரும், அங்கிருந்து யார் கைத்தாங்கலாக அழைத்துவருவது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது. கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, ஒரு அடையாளத்தைச் சொல்லப் பழக்குங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இரத்தப்போக்கு, பனிக்குட நீர் போவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் கூப்பிடலாம்.