காசிமேட்டில் ஏசி இல்லாத மாடி அறை: கேமிங் பிசிக்கு லிக்விட் கூலர் தேவையா?

மாடிவீட்டுப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு பிசி அசெம்பிள் பண்ணப் போகிறேன். வீடு சென்னையில் கடலோரக் காசிமேடு, கடைசி மாடி, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. ஏசி கிடையாது, இப்போதைக்கு வீட்டில் போடவும் மாட்டார்கள். மே மாதத்தில் ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சூடு தெரியும்.

நான் போட்டு வைத்திருக்கும் லிஸ்ட்: ஐ7 14700கே சிபியு, ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, 360 மிமீ லிக்விட் கூலர், 750 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் (பார்க்க அவ்வளவு அழகு, அதை விட மனசே வரவில்லை). மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, 1080பி, 144 ஹெர்ட்ஸ். விளையாடுவது பெரும்பாலும் வேலரண்ட், நடுவில் சைபர்பங்க் மாதிரி ஒன்றிரண்டு பெரிய கேம். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் "இந்த ஊர் வெயிலுக்கு லிக்விட் இல்லாமல் முடியாது தம்பி" என்கிறார். நண்பனோ தண்ணீர் லீக் ஆனால் மொத்தமும் போச்சு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

தூசிதட்டி:

தம்பி, ரெண்டு பேருமே உங்கள் அறையைக் கணக்கில் எடுக்கவில்லை. லீக் ஆவது அபூர்வம், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதைவிட, சில வருடங்கள் போனபின் பம்ப் தேய்ந்து நின்றுபோவதுதான் சாதாரணமாக நடப்பது. ஆனால் விஷயம் அது இல்லை.

லிக்விட் கூலர் ஏசி இல்லை. சிபியுவில் இருக்கிற சூட்டை எடுத்து ரேடியேட்டர் வழியாக அதே அறைக்குள்தான் கொட்டும், ஏர் கூலர் செய்வதும் அதைத்தான். அறைக் காற்று 37 டிகிரி என்றால் எந்தக் கூலராலும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. 25 டிகிரி ஏசி அறையில் 65 காட்டுகிற சிபியு உங்கள் அறையில் ஏறக்குறைய 77 காட்டும், கூலர் எதுவாக இருந்தாலும் இந்த 12 டிகிரி கூடவே வரும். யூடியூபில் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் ஏசி அறையில் எடுத்தது, அதை அப்படியே காசிமேட்டுக்கு நம்பாதீர்கள்.

14700கேயின் அதிகபட்ச டர்போ பவர் 253 வாட், 5070 இன்னொரு 250. பிசி இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறையில் சூடாகத்தான் வந்து நிற்கும். ஊட்டியில் குளிருக்குப் போடுகிற ரூம் ஹீட்டரைப் பாதி வேகத்தில் வைத்துக்கொண்டு மே மாதம் காசிமேட்டில் உட்கார்வதற்குச் சமம் இது. கூலருக்குக் கொடுக்கிற பணத்தில் அந்த 500 வாட்டில் ஒன்றுகூடக் குறையாது. சூடு குறைவாகத் தருகிற பார்ட்ஸ் வாங்கினால்தான் குறையும்.

சிபியுவுக்கு ரைசன் 5 7600 எடுங்கள். 65 வாட் சிப் என்று போட்டிருப்பார்கள், முழு வேகத்தில் 88 வாட் வரை போகும், அதற்கு மேல் தானாக ஏறாது. கூடவே ஒரு சின்னக் கூலர் பாக்ஸிலேயே வரும், ஆனால் அது கத்தும், அதனால் 120 மிமீ ஃபேன் வைத்த டவர் ஏர் கூலர் ஒன்று வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் 155 மிமீ உயரம் இருக்கும், கேபினட் அகலத்தில் நிற்குமா என்று பார்த்து வாங்கவும். கார்டுக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 160 வாட்தான். 1080பி மானிட்டருக்கு 5070 எதற்கு?

அப்புறம் அந்தக் கண்ணாடி கேபினட். மன்னிக்கவும், அது வேண்டாம். முன்பக்கம் மெஷ் (கம்பி வலை) இருக்கட்டும், முன்னால் மூன்று ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள.

ராயபுரம்144:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 253 வாட் என்பது வீடியோ ரெண்டர் மாதிரி எல்லாக் கோரும் ஓடும்போதுதான், கேமில் 14700கே அதில் பாதியைச் சுற்றித்தான் நிற்கும், 500 வாட் கணக்கு கொஞ்சம் அதிகம். ஆனாலும் நானும் அதை வாங்கச் சொல்லமாட்டேன். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் வோல்டேஜ் கூடி நிலைதடுமாறும் பிரச்சினை வந்து, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்த சாஃப்ட்வேர்) விட்டு, வாரன்டியையும் ரெண்டு வருடம் நீட்டினார்கள். அந்தச் சிப்பை உட்காரவைக்கிற சாக்கெட்டில் இன்டெலின் அடுத்த தலைமுறை சிப்பும் பொருந்தாது. ரைசன் 7600 உட்காருகிற ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால் நாளைக்கு சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. வேலரண்டில் எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) அவிழ்த்துவிட்டால் முன்னூறு நானூறு என்று ஓடும், உங்கள் மானிட்டர் 144தான் காட்டும், மிச்சம் எல்லாம் வெறும் சூடு. கேம் செட்டிங்கில் 141க்கு மேல் போகாதபடி கேப் போடுங்கள். கார்டின் பவர் லிமிட்டையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியாது, ஃபேன் சத்தம் குறைந்தது காதுக்குத் தெரியும்.

எண்ணூர்க்காற்று:

யாரும் உப்பைப் பற்றிப் பேசவில்லையே! கடலோரத்தில் ஸ்க்ரூ, கார்டின் பின்பக்கத் தகடு எல்லாம் துரு ஏறும், ஹீட்சிங்க் அலுமினியத்தில் வெள்ளை பூக்கும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைக்காதீர்கள். மழை மாதங்களில் பிசியை வாரக்கணக்கில் சும்மா போட்டு வைப்பதுதான் கெடுதல், அவ்வப்போது ஓடினால் உள்ளே ஈரம் தங்காது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசி உங்கள் பக்கமும் வரும், அதனால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி கேபினட் பாருங்கள். உள்ளே இழுக்கிற ஃபேன் அதிகம் இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி நுழைவது குறையும். கீழ்வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பிசியைத் தரையில் வைக்கவே வேண்டாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது.

உங்களுக்கு என் யோசனை: லிக்விட் கூலர் காசை எடுத்து மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் கூலிங் டைல்ஸ். வென்டிலேட்டரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். பிசி குளிர்கிறதோ இல்லையோ, அம்மா உங்களைத் திட்டமாட்டார்கள்.

மாடிவீட்டுப்பையன்:

நன்றி அண்ணன்களே. 7600, 9060 எக்ஸ்டி, ஏர் கூலர், மெஷ் கேபினட், 650 வாட் கோல்டு பவர் சப்ளை என்று மாற்றிவிட்டேன். ரேம் விலை கேட்டுத் தலை சுற்றுகிறது, இப்போதைக்கு 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடலாமா? வீட்டில் பழைய 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது, அது தாங்குமா?

தூசிதட்டி:

போடலாம், ஆனால் ஏஎம்5இல் ஒற்றைக் குச்சி போட்டால் கேமில் வேகம் கொஞ்சம் அடிபடும். 6000 வேகத்தில் ரெண்டு 8 ஜிபி குச்சி எடுத்தாலும் சரி, ஆனால் பின்னால் ரேம் கூட்டும்போது அவற்றை மாற்றவேண்டி வரும்.

600 விஏ என்றால் வழக்கமாக 360 வாட். கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து முன்னூறைத் தாண்டும், பழைய பேட்டரியோடு அது கரண்ட் போன அடுத்த நொடியே கைவிட்டுவிடும். 1000 விஏ பாருங்கள். அதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் ஒயரே போயிருக்காது, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும்.

வாங்கப் போகும்போது தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக அரசினர் தோட்டத்தில் இறங்கலாம், ரிச்சி தெரு பக்கம்தான். பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள், ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.